கரையைக் கடந்த பிறகு

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. நள்ளிரவை ஒட்டிச் சென்னையிலிருந்து மகன் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்திடுச்சாம். இனிமே கவலை இல்ல, தூங்குங்க" என்றான். நானும் நிம்மதியாகப் படுத்துவிட்டேன். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் இடர்ப்பாடு, நிகழ்தகவு என்றெல்லாம் பாடம் நடத்தியவன், ஒரு செய்தி வாசகத்தை அப்படியே நம்பிக் கண்ணயர்ந்த இரவு அது.

நான் வசிக்கும் கலசப்பாக்கம், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. வங்கக் கடல் இங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். புயல் என்பது எங்களுக்குத் தொலைக்காட்சியில் பார்க்கும் பொருள். மெரினாவில் எழும் அலை, மாமல்லபுரத்தில் சாய்ந்த மரம், துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டு, மழைச்சட்டை அணிந்த செய்தியாளர் ஆகியவற்றோடு புயல் முடிந்துவிடும். அன்றும் அப்படித்தான் நினைத்தோம்.

'ஃபெஞ்சல்' என்று பெயரிடப்பட்ட அந்தப் புயல் இரவு பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர். வானிலைத் துறையின் புயல் வகைப்பாட்டில் இது கீழ்ப்படி. கஜாவோடும் வர்தாவோடும் ஒப்பிட்டால் சாது என்றே சொல்ல வேண்டும். ஆனால், கடந்த புயல் நகரவில்லை. மறுநாள் முற்பகல் வரை புதுச்சேரியை ஒட்டியே ஏறக்குறைய நின்றுவிட்டது. டிசம்பர் 1 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. மழை. புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல். பிறகு வலுக்குறைந்து மேற்கு நோக்கி மெல்ல ஊர்ந்தது. மறுநாள் காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஊத்தங்கரை எங்கள் மலைக்குத் தென்மேற்கே, கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கடலை எந்தத் திசையிலும் காணாத ஊர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை திருவண்ணாமலையில், தீபமலையின் சரிவில், வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். உடல்களை மீட்கவே ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்குச் சுமார் 1.7 லட்சம் கனஅடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றங்கரை ஊர்கள் உறக்கத்தில் நீரைச் சந்தித்தன. படிப்படியாக எச்சரிக்கை விடுத்தோம் என்றது அரசு. ஓடுவதற்கு நேரமில்லை என்றார்கள் கரையோர மக்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் கவலைக்குரியது.

இவை எல்லாம் நடந்தது, புயல் 'கரையைக் கடந்த' பிறகு.

இந்தச் சொற்றொடரைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கரையைக் கடப்பது என்பது வானிலை அறிவியலில் புயலின் மையம் கடலிலிருந்து நிலத்துக்குள் நுழைவதைக் குறிக்கும். அதாவது, நிலத்தைப் பொறுத்தவரை அது தொடக்கம். நம் பேச்சுத் தமிழிலோ கரை சேர்ந்தான், கரையேறினாள் என்றால் ஆபத்து நீங்கியது என்று பொருள். புயல் கரையைக் கடந்தது என்று கேட்டதும் நம் மனம் அதை முடிவாகவே வாங்கிக்கொள்கிறது. செய்தி அலைவரிசைகளும் அத்துடன் நேரலையைச் சுருட்டிவிடுகின்றன. கடலோர மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்ட மீட்புக் குழுக்கள் மூச்சுவிடும் அந்த நேரத்தில்தான் உள்மாவட்டங்களின் மேல் மழை திரள்கிறது.

காரணம் எளிமையானது. புயலை நாம் காற்றின் வேகத்தால் தரம் பிரிக்கிறோம். மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். கடலின் வெப்பமும் ஈரமும்தான் புயலுக்கு எரிபொருள். நிலத்துக்குள் வந்ததும் எரிபொருள் குறைகிறது, தரையின் உராய்வும் சேர்கிறது, காற்று தணிகிறது. தீவிரப் புயல் புயலாகி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி, தாழ்வு மண்டலமாகிப் பெயரையும் இழக்கிறது. தரவரிசையில் அது இறங்கிக்கொண்டே வருவதைக் கேட்பவருக்கு ஆபத்தும் அதே கணக்கில் இறங்குவதாகத் தோன்றும். ஆனால் மையம் நிலத்தில் இருந்தாலும் அதன் மேகக் கரங்கள் இன்னும் கடலில் கிடந்து ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். மெதுவாக நகரும் புயல், ஒரே இடத்தில் மணிக்கணக்கில் அந்த ஈரத்தைக் கொட்டும். எதிரே மலை இருந்தால் ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்து இன்னும் கூடுதலாகக் கொட்டும். காற்று கடலோரத்தின் பகைவன். நீர் உள்நாட்டின் பகைவன். நாம் பெயரும் தரமும் கொடுப்பது முதலாவதற்கு மட்டுமே.

50 செ.மீ. என்ற எண் பலருக்கு வெறும் எண். ஒரு ஏக்கரில் 50 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர் நீர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 168 வரிசையாக வந்து ஒரே ஏக்கரில் கவிழ்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதிலும், அதாவது அக்டோபர் தொடங்கி மூன்று மாதங்களில், தமிழ்நாட்டின் சராசரி மழை சுமார் 44 செ.மீ. தான். ஒரு பருவத்தின் மழை ஒரே நாளில் இறங்கியதைத் தாங்குமாறு எங்கள் ஓடைகளை யாரும் அமைக்கவில்லை.

ஜவ்வாது மலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மழைக்காடு அன்று. வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும் என்பதற்காகவே விண்மீன்களை ஆராய்வதற்கான வானாய்வகத்துக்குக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார்கள். சாமை விளையும் சரிவுகளும் பலா நிற்கும் சிற்றூர்களும் நிறைந்த வறண்ட மலை. இதில் பிறக்கும் செய்யாறு செங்கம் வழியாக எங்கள் ஊரைத் தொட்டு, போளூர், செய்யாறு நகரங்களைக் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி இது மணல் ஆறு. அந்த டிசம்பரில் நான் பாலத்தருகே நின்று பார்த்தபோது இரு கரையும் தெரியாமல் செந்நிறமாக ஓடியது. வேரோடு வந்த மரங்களையும், எங்கோ மேலே யாருடைய கொட்டகையிலிருந்தோ பிய்ந்து வந்த ஓலைக்கூரையையும் கண்டேன். என்னருகே நின்ற முதியவர், "இது கடல் தண்ணி சார், மலை மேல ஏறி இறங்கி வருது" என்றார். அறிவியல் நூல்களில் பக்கக்கணக்கில் எழுதியிருப்பதன் சாரம் அதுதான்.

இத்தகைய மழை அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரிது என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் விதத்தில் ஒரு பிழை இருக்கிறது. நூறாண்டுக்கு ஒருமுறை என்று சொல்லும்போது, ஓர் ஆண்டில் நிகழ நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். அப்படிப்பட்ட நிகழ்வு, ஒருவர் வீடு கட்டிக் குடியிருக்கும் முப்பது ஆண்டுகளுக்குள் ஒருமுறையேனும் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாநிலத்தில் 38 மாவட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஏதாவது ஒரு மாவட்டத்தில் இந்த ஆண்டே அது நிகழ மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வருகிறது. மாவட்டங்களின் மழை ஒன்றோடொன்று தொடர்புடையது என்பதால் இது துல்லியக் கணக்கு ஆகாது. வகுப்பறைக் கணக்குதான். எனினும் உண்மை விளங்கும். கலசப்பாக்கத்துக்கு அரிதானது தமிழ்நாட்டுக்கு அரிதன்று. ஊர் தனக்கு அது வராது என்று நம்பலாம். மாநிலம் அப்படி நம்ப முடியாது.

நினைவைச் சற்றே பின்னோக்கிச் செலுத்தினாலே போதும். 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து பாலாற்றில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. வாணியம்பாடி இந்த ஜவ்வாது மலைக்கு வடமேற்கே உள்ள ஊர். 2021 நவம்பர் 19 அன்று, புயல் என்ற பெயரைக்கூட எட்டாத ஒரு தாழ்வு மண்டலம் கரையைக் கடந்தபோது பாலாற்றில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் நீர் ஓடியது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய 'டிட்வா' காற்றின் கணக்கில் கீழ்ப்படிப் புயலே. 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மிகுதியான இறப்பு கடற்கரையில் நிகழவில்லை. கண்டி, பதுளை, நுவரெலியா என்று மலைநாட்டில் மண்சரிவில் நிகழ்ந்தது. தேயிலைத் தோட்டங்களின் லயன் வீடுகளில் தலைமுறைகளாக வாழும் நம் மக்களும் அதில் அகப்பட்டார்கள்.

அரிதாக வருவதற்கு ஏன் ஆண்டுதோறும் செலவழிக்க வேண்டும்? இது கேலிக்குரிய கேள்வி இல்லை. பொருளாதார அடிப்படையில் நியாயமானது. வறட்சிக்கே பணம் போதாத மாவட்டத்தில் வெள்ளத்துக்கு எடுத்து வைப்பது எளிதன்று. இதே கேள்வியை வேறொரு வடிவில் எதிர்கொண்ட ஊர்கள் அமெரிக்காவின் தென்கரையில் இருக்கின்றன. மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய அந்தப் பகுதி நம்மைப்போல வெயில் பழகியது. 2025 ஜனவரி 21 அன்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் சுமார் 20 செ.மீ. பனி கொட்டியது. சாலைப் பனியை அள்ளும் வண்டிகளை அந்த நகரம் பெரிதாக வைத்திருக்கவில்லை. வைத்திருக்காததில் தவறும் இல்லை. சில நாள் நகரம் முடங்குவதுதான் இழப்பு என்றால், அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே சிக்கனம்.

டெக்சாஸ் கதை வேறு. அங்கே 2011இல் கடுங்குளிர் வந்து மின்நிலையங்கள் நின்றன. உறைபனியைத் தாங்குமாறு நிலையங்களை மேம்படுத்த வேண்டும் என்று கூட்டாட்சி ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த ஆண்டே அறிக்கை கொடுத்தன. கட்டாயம் ஆக்கப்படாததால் பெரும்பாலானோர் அதைக் கிடப்பில் போட்டார்கள். 2021 பிப்ரவரியில் அதைவிடக் கடுமையான பனிப்புயல் வந்தது. 45 லட்சம் வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரமின்றித் தவித்தன. மாநில அரசின் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். அதே மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள எல் பாசோ நகரின் மின்நிறுவனம் 2011க்குப் பிறகு செலவு செய்து தன் நிலையங்களைத் தயார்ப்படுத்தியிருந்தது. அங்கே பெரிய பாதிப்பு இல்லை. அந்நகரம் வேறொரு மின்தொகுப்பைச் சேர்ந்தது என்பதும் உதவியது. என்றாலும் முன்கூட்டிச் செய்த செலவு வீண்போகவில்லை.

எங்கே ஏற்றுக்கொள்ளலாம், எங்கே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதைப் பிரித்தறிவதுதான் இதில் உள்ள பொருளாதாரம். இரண்டு நாள் பேருந்து ஓடாமல் இருப்பதைக் கலசப்பாக்கம் தாங்கும். மலைச்சரிவுக்குக் கீழே உறங்கும் குழந்தையின் உயிரை எந்தக் கணக்கும் தாங்காது.

பணம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்தாவது நிதிக் குழு, 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் 80 விழுக்காடு நேர்ந்த பின் நிவாரணத்துக்கு, 20 விழுக்காடு நேரும் முன் தணிப்புக்கு. தணிப்புக்கென்று தனியே ஒதுக்கியதே பெரிய முன்னேற்றம் என்பேன். அந்த 20 விழுக்காடு உள்மாவட்டங்களை எட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. பெரிய கட்டுமானம் எதையும் நான் கேட்கவில்லை. ஜமுனாமரத்தூர் மலைமேல் பெய்யும் மழை செய்யாற்றில் இறங்கி எங்கள் பாலத்தை அடையச் சில மணி நேரம் ஆகும். மலைமேல் போதிய தானியங்கி மழைமானிகள் இருந்து, அவற்றின் கணக்கு உடனுக்குடன் ஆற்றோர ஊராட்சிகளுக்கு வந்தால் அந்தச் சில மணி நேரம் எங்களுடையது. ஒரு மழைமானியின் விலை ஓர் உயர்கோபுர மின்விளக்கின் விலையைவிட மிகக் குறைவு. மின்விளக்குக்குத் திறப்பு விழா உண்டு, மழைமானிக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவுதான் என்று சில நேரம் எனக்குத் தோன்றும்.

ஏரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள். இவற்றை நாம் பாசனத்துக்கானவை என்று மட்டும் பார்க்கிறோம். உண்மையில் இவை அடுக்கடுக்கான காப்பீடு. மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் கீழ் ஏரிக்கு. அது கோடி போனால் அடுத்ததற்கு. வெள்ளத்தின் வேகத்தை ஏணிப்படிபோல இறக்கிவிடும் ஏற்பாடு. கோடிவாய் அடைபட்டு, வரத்துக் கால்வாய் குறுகி, கரையில் வேலிக்கருவை மண்டிய ஏரி அதற்கு நேர்மாறானது. அது உடைந்தால் கீழேயுள்ள ஏரியையும் உடைக்கும். 1903இல் பாலாற்றில் நடந்தது அதுவே. மழைக்கால இரவில் மண்வெட்டியோடு கரையைச் சுற்றிவந்த நீர்க்கட்டிக்கு முன்பு ஊர் நெல் அளந்தது. அந்த நெல்லை ஊர் செலுத்திய காப்பீட்டுத் தவணை என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். இன்று பல ஊர்களில் அந்தப் பணியாளரும் இல்லை, அளக்கும் நெல்லும் இல்லை.

இனி நிவாரணம். ஃபெஞ்சலுக்குப் பிறகு மாநில அரசு அறிவித்த தொகைகளில் 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமடைந்த நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். ஏக்கருக்கு வகுத்தால் 6,880. உழவு, நாற்று, நடவு, களை, உரம் என்று எங்கள் பக்கத்தில் சம்பாவுக்கு ஏக்கருக்கு இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாமல் இறங்குகிறது. நிவாரணம் இழப்பீடு ஆகாது என்பதை அரசும் மறைக்கவில்லை. இழப்பீடு பயிர்க் காப்பீட்டிலிருந்து வர வேண்டும். அங்கேதான் சிக்கல். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தனி வயலின் வெள்ளச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் தனியே மதிப்பிடும் விதி உண்டு. ஆனால், தண்ணீரில் வாழும் பயிர் என்ற காரணத்தால் 2018இல் நெல்லை அந்த விதியிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஃபெஞ்சல் வந்தபோது நிலைமை அதுதான். கணுக்கால் நீரில் நிற்பதும், கதிர் விடும் பருவத்தில் நான்கு நாள் மூழ்கிக் கிடப்பதும் நெல்லுக்கு ஒன்றே என்று எண்ணியவர்கள் வயலில் இறங்கியிருக்க மாட்டார்கள். 2026 காரிஃப் பருவம் முதல் நெல் மூழ்குவதும் மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. தாமதமானாலும் சரியான முடிவு.

ஆனால் காப்பீடு பெறச் சாகுபடி செய்பவரின் பெயர் கிராமக் கணக்கில் இருக்க வேண்டும். இங்கே என் கதையைச் சொல்லாமல் விட முடியாது. ஊரில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. பத்து ஆண்டுகளாக வேறொருவர் குத்தகைக்குப் பயிரிடுகிறார். வாய்மொழிக் குத்தகைதான். அந்த டிசம்பரில் அவருடைய சம்பா மூன்று நாள் நீரில் கிடந்து அழுகியது. கணக்கெடுக்க வந்த அலுவலரிடம் பதிவேடு என் பெயரைக் காட்டியது. விதிப்படியே நடந்தார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். நிவாரணம் என் வங்கிக் கணக்கில் விழுந்தது. எடுத்துப் போய் அவரிடம் கொடுத்தேன். "உங்களுக்கு வந்த பணம் எனக்கு எதுக்கு சார்?" என்று முதலில் தயங்கினார். இந்த ஊரில் எத்தனை நிலக்காரர்கள் அப்படி எடுத்துப் போய்க் கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தகுதியும் எனக்கு இல்லை. குத்தகைச் சீர்திருத்தம் பற்றி வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசியவன், தன் நிலத்தின் குத்தகையைப் பத்தாண்டுகளாகப் பதியவில்லை. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் இருக்கும் அச்சம் எனக்கும் இருந்தது.

சென்ற வாரம் அவர் பெயரில் சாகுபடிச் சான்று வழங்கச் சம்மதம் என்று கிராம நிர்வாக அலுவலருக்குக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டேன். செய்தி தெரிந்து என் சித்தப்பா மகன் வீட்டுக்கே வந்துவிட்டான். "அண்ணே, படிச்சவங்க செய்ற வேலையா இது?" என்று கேட்டான். மேசைமேல் கடிதம் இன்னும் இருந்தது. மழை விட்டதும் நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.